கல்லில் நார் உரிப்பதும் கல்லில் சூடு சேர்ப்பதும்

சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு முட்டை எடுத்துப்போகாவிட்டால் பாதி சுவாரஸ்யம் போச்சு. வெந்நீரை வாளியில் பிடித்து, முட்டைகளைப் போட்டு மூடிவைத்துவிட்டு, காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஊற்றில் தண்ணீர் சுமார் 70 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் மஞ்சள் கரு இறுகத் தொடங்கிவிடும். வெள்ளைக் கரு மட்டும் கொழகொழவென்று பிடிகொடுக்காமல் நிற்கும். அது முட்டையின் புரதக் கணக்கு, இன்னொரு நாள் பார்க்கலாம்.

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகளைக் கூட்டிப்போயிருந்தேன். தொடக்கநிலை ஐந்து படிக்கிறாள். முட்டை வேகும்வரை சும்மா இருப்பாளா? "மாமா, கீழே பாறைதானே இருக்கு? பாறைக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?" என்றாள். "விரிசல் வழியா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பாறைக்குள் நீர் எப்படி நகர்கிறது என்பதுதான் அமெரிக்காவில் ஷேல் என்ற பாறையிலிருந்து எடுக்கும் எரிவாயுவுக்கும் அடிப்படை, நெதர்லாந்தில் கோடை வெப்பத்தைக் குளிர்காலத்துக்குச் சேமித்துவைப்பதற்கும் அடிப்படை. இரண்டும் ஒரே விதியை எதிரெதிர்த் திசையில் பயன்படுத்துகின்றன. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் காப்பி. எங்கள் வீட்டில் வார நாளில் கீழே கோப்பிக் கடைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவின் பில்டர் காப்பி. பில்டரில் தூளைப் போட்டு, தட்டால் லேசாக அழுத்தி, வெந்நீர் ஊற்றினால் டிகாக்ஷன் சொட்டுச்சொட்டாக இறங்கும். தூள் மிக நைசாக இருந்தால் இறங்கவே இறங்காது. அம்மா பில்டரின் தலையில் தட்டிக்கொண்டிருப்பார். கொரகொரப்பாக இருந்தால் மளமளவென்று இறங்கிவிடும். தண்ணீர் நிறைய ஊற்றினால் வேகம் கூடும். தூள் அடுக்கு தடிமனாக இருந்தால் வேகம் குறையும்.

இதையே மணலை வைத்து அளந்து எழுதியவர் ஹென்றி டார்சி. பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர். உயரமான உருளைக்குள் மணலை நிரப்பி, மேலிருந்து நீரைச் செலுத்தி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பொறுமையாக அளந்தார். 1856இல் வெளியிட்டார். நீரோட்டம் இரு முனைகளுக்கும் இடையிலான நீர்மட்ட வித்தியாசத்தைப் பொறுத்துக் கூடும். கடக்கவேண்டிய தூரத்தைப் பொறுத்துக் குறையும். மீதி, நடுவில் இருக்கும் பொருளின் குணம். எண்ணெய்க் கிணறு, குடிநீர்க் கிணறு, அணைக்கட்டு எதைக் கணக்கிட்டாலும் இன்றும் இந்த விதியில்தான் தொடங்குகிறார்கள்.

அந்த 'பொருளின் குணம்' என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பாறைக்குள் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது ஒன்று. அதைப் புரைமை என்பார்கள். அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீருக்கு வழிவிடுகின்றனவா என்பது இன்னொன்று, அது ஊடுருவுதிறன். களிமண்ணின் கன அளவில் ஏறக்குறையப் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம், ஆனால் பிழிந்தாலும் தராது. துளைகள் அத்தனை நுண்ணியவை. மண்பானை நாள் முழுக்கக் கசிந்தும் ஒரு தம்ளர்கூடச் சேராததை நினைத்துக்கொள்ளுங்கள். மணலில் இடைவெளி களிமண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் கண்முன்னே நிறையும்.

ஊடுருவுதிறனை அளக்கும் அலகுக்கு டார்சியின் பெயரையே வைத்துவிட்டார்கள். நல்ல எண்ணெய் வயலின் மணற்கல்லில் இது டார்சியில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஷேல் எனப்படும் இறுகிய களிப்பாறையில் நானோடார்சிக் கணக்கு, அதாவது ஒரு டார்சியில் நூறு கோடியில் சில பங்கு. எரிவாயு உள்ளே இருக்கிறது, ஆனால் கதவு இல்லாத வீட்டுக்குள் இருக்கிறது.

கதவு இல்லாத வீட்டிலிருந்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்? இதற்குச் சாங்கியில் ஒரு பாடம் இருக்கிறது. விமான நிலையத்தின் கிழக்கே கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது அடியில் கடற்களிமண். மேலே மணலைக் கொட்டினால் பாரம் தாங்காமல் களிமண்ணிலுள்ள நீர் மெல்ல வெளியேறும், நிலம் மெல்ல அமிழும். விட்டுவிட்டால் பல பத்தாண்டுகள் ஆகும். பொறியாளர்கள் களிமண்ணுக்குள் சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, பட்டையான செங்குத்து வடிகால்களை ஆழமாகச் செருகினார்கள். களிமண் மாறவில்லை, அதன் ஊடுருவுதிறனும் மாறவில்லை. நீர் நகரவேண்டிய தூரம்தான் சுருங்கியது. இங்கே தூரம் பாதியானால் நேரம் நான்கில் ஒன்றாகிறது. பத்தில் ஒன்றானால் நூற்றில் ஒன்று. அந்த நிலத்தில்தான் இப்போது ஐந்தாம் முனையம் எழும்புகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஷேல் எரிவாயுவின் சூட்சுமம் பாதி புரிந்துவிடும். பாறையை மாற்ற முடியாது. பாறைக்கும் வழிக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கலாம். வழி என்றால் விரிசல்.

விரிசலின் கணக்கு விசித்திரமானது. ஒரு விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்காகிறது. பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப ஓட்டம் கூடுகிறது, ஏனென்றால் சுவரை ஒட்டிய நீர் இழுபட்டு நிற்கும், நடுவிலிருப்பதுதான் ஓடும். அகலம் கூடக்கூட நடுப்பகுதி தாராளமாகிவிடுகிறது. நீரே புகாத கருங்கல்லில் மீட்டருக்கு ஒரு விரிசல், அதுவும் ஒரு தடித்த தலைமுடி அளவு, 0.1 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அந்தக் கருங்கல் மொத்தமும் 84 மில்லிடார்சி, அதாவது நல்ல எண்ணெய் வயல் மணற்கல் மாதிரி நடந்துகொள்ளும். செம்பவாங் கருங்கல் நிலத்தில் வெந்நீர் வருவதும் இப்படித்தான். மழைநீர் விரிசல்கள் வழியே ஆழத்துக்குப் போகிறது, அங்கே சூடாகிறது, வேறு விரிசல்கள் வழியே மேலே வருகிறது. எரிமலை எதுவும் தேவையில்லை. என் ஒற்றைச் சொல் பதில் தப்பில்லை, குறைதான்.

விரிசல் இருந்தால் எண்ணெய் ஒழுகிவிடாதா என்று கேட்கலாம். ஜூரோங் தீவுக்குக் கீழே சுமார் 130 மீட்டர் ஆழத்தில் 2014 முதல் பாறைக் குகைகளில் எண்ணெய் சேமிக்கிறார்கள். ஐந்து குகைகள், மொத்தம் 14 லட்சத்து 70 ஆயிரம் கனமீட்டர் கொள்ளளவு, ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் என்றால் சுமார் 600. பாறையில் விரிசல் இல்லாமல் இல்லை. ஆனால் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம் குகைக்குள் இருப்பதைவிட அதிகம். குகைக்கு மேலே தனிச் சுரங்கங்களிலிருந்து பாறைக்குள் நீரைச் செலுத்தி அந்த அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நீர்த்திரை என்று பெயர். ஆகவே விரிசல் வழியே தண்ணீர்தான் உள்ளே கசிகிறது, எண்ணெய் வெளியே போவதில்லை. எண்ணெய் மேலே மிதக்க, கசிந்த தண்ணீரை அடியிலிருந்து இறைத்துவிடலாம். டார்சியின் மட்ட வித்தியாசம் காவல்காரன் வேலை பார்க்கிறது. சிங்கப்பூர்ப் பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. மரினா பே கட்டடங்களுக்கு இருக்கும் புகழில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை.

இனி ஃபிராக்கிங், அதாவது நீரை அழுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குவது. தமிழ்நாட்டில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம் நடந்தபோது இங்குள்ள உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'நீரியல் விரிசல்' என்ற சொல் சுற்றியது. பாதிப் பேர் அதை நிலத்தடியில் வெடிவைப்பது என்றே நினைத்திருந்தார்கள். கிணற்றுக் குழாயின் சுவரில் துளைபோடச் சிறு வெடிமருந்து உண்டுதான். பாறையைப் பிளப்பது வெடி இல்லை, தண்ணீரின் அழுத்தம்.

1947இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஹியூகோட்டன் எரிவாயு வயலில் முதல் சோதனை நடந்தது. கெட்டியாக்கிய பெட்ரோலைக் கிணற்றில் அழுத்திப் பார்த்தார்கள்; பெரிய பலன் இல்லை. 1949இல் வணிகமாகிவிட்டது. ஆனாலும் ஷேல் பாறை பல பத்தாண்டுகள் மசியவில்லை. டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டி, 1990களின் பிற்பகுதியில், விலையுயர்ந்த கூழ்த் திரவத்தை விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு ஓடச்செய்யும் வேதிப்பொருள் கொஞ்சம் கலந்த தண்ணீரைப் பயன்படுத்தியபோதுதான் கணக்குச் சரிவந்தது. கல்லில் நார் உரித்தார் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான்.

வேலை இப்படி நடக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் கீழே துளைத்து, அப்புறம் துளையைப் படுக்கை வசமாகத் திருப்பி ஷேல் அடுக்குக்குள்ளேயே இன்னும் சில கிலோமீட்டர் கொண்டுபோவார்கள். பகுதி பகுதியாக அடைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் நீரைச் செலுத்துவார்கள். பாறை தாங்கமுடியாமல் பிளக்கும். எந்தப் பக்கம் பிளக்கும் என்பதைப் பம்பு முடிவு செய்வதில்லை. நெரிசலான எம்ஆர்டி ரயிலில் முழங்கையை விரிக்கவேண்டும் என்றால் கூட்டம் லேசாக இருக்கும் பக்கம்தானே விரிப்போம்? ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் பாறையின் பாரம் பெரும்பாலும் மிக அதிகம், பக்கவாட்டு அழுத்தம் குறைவு. அதனால் விரிசல் பக்கவாட்டில் விலகி, செங்குத்தான சுவர்போல் எழும். கிணற்றைப் படுக்கை வசமாகத் திருப்பும் காரணமும் இதில் இருக்கிறது: ஒரே கிணறு வரிசையாகப் பல செங்குத்துச் சுவர்களைத் தொட்டுவிடுகிறது.

பம்பை நிறுத்தினால் பாறை மறுபடி மூடிக்கொள்ளப் பார்க்கும். ஆகவே தண்ணீரோடு மணலும் போகிறது. விரிசலுக்குள் சிக்கி முட்டுக்கொடுத்து நிற்கும். அகலத்தின் மும்மடிக் கணக்கை நினைத்தால் இந்த முட்டுக்கொடுப்பின் மதிப்பு தெரியும்: பாதி மூடினால் ஓட்டம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு கிணற்றுக்குத் தண்ணீர் சுமார் 60 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை ஆகலாம்.

விரிசலை ஒட்டியிருந்த எரிவாயு வேகமாக வந்துவிடும். பாறைக்கு உள்ளே இருப்பது, சாங்கிக் களிமண் நீர்போல, ஆற அமர வரும். அதனால்தான் ஷேல் கிணறுகளின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் விழுந்துவிடுவது வழக்கம். உற்பத்தியைத் தக்கவைக்கப் புதிது புதிதாகத் துளைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், சிங்கப்பூர் மின்சாரத்தின் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. 2013 முதல் ஜூரோங் தீவில் கப்பலில் வரும் திரவ எரிவாயுவும் இறங்குகிறது. உலகில் மிக அதிகமாக அதை ஏற்றுமதி செய்வது அமெரிக்கா. அங்கே எடுக்கும் எரிவாயுவில் பெரும்பகுதி ஷேலிலிருந்து வருவது.

ஆபத்துகளைப் பற்றி ஒரு தெளிவு தேவை. குடிநீர் கெடும் சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2016இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் இறுதி அறிக்கையும் சில சூழல்களில் குடிநீர் பாதிக்கப்படும் என்றே சொன்னது. பெரும்பாலும் கிணற்றுக் குழாயைச் சுற்றியுள்ள சிமெண்ட் சரியில்லாதது, தரையில் சிந்துவது, கிணற்றிலிருந்து திரும்பிவரும் கழிவுநீரைக் கண்ட இடத்தில் விடுவது போன்றவைதான் வழி. நிலநடுக்கம் வேறு கதை. சுடச்சுட டம்ளரை ஈரமான மேடையில் வைத்தால் தானாக வழுக்கிக்கொண்டு நகருமே, பார்த்திருப்பீர்கள். அடியில் சேரும் அழுத்தம் டம்ளரை லேசாகத் தூக்கிவிடுகிறது, உராய்வு போய்விடுகிறது. நிலத்தடியில் பழைய பிளவொன்றுக்குள் நீரழுத்தம் ஏறினாலும் அதேதான். ஒக்லஹோமாவில் 2016இல் 5.8 அளவு நிலநடுக்கம் வந்தது. அந்த மாநிலத்து நடுக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பாறையைப் பிளந்தது இல்லை, கழிவுநீரை ஆழத்தில் தொடர்ந்து செலுத்தியது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் வந்த 5.5 அளவு நடுக்கம் புவிவெப்பத் திட்டமொன்றில் நீர் செலுத்தியதால் தூண்டப்பட்டது என்று அரசு அமைத்த குழுவே 2019இல் சொல்லிவிட்டது.

சரி, இப்போது அடுத்த பக்கம்: வெப்பத்தைச் சேமிப்பது. இங்கே விரிசல் எதிரி.

நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கான கட்டடங்களுக்குக் கீழே இரண்டு கிணறுகள் இருக்கின்றன, ஒன்று குளிர், ஒன்று வெதுவெதுப்பு. கோடையில் குளிர்க் கிணற்றிலிருந்து நீரை எடுத்துக் கட்டடத்தைக் குளிர்வித்து, அதனால் சூடேறிய நீரை மற்றதில் விடுவார்கள். குளிர்காலத்தில் அப்படியே தலைகீழ். எடுத்த நீர் முழுவதும் மண்ணுக்கே திரும்பிவிடும். ஒரு கனமீட்டர் நீரில் 10 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 11.6 கிலோவாட் மணி வெப்பம். பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியிலும் இப்படி இருக்கிறது. குளிருக்குச் சுமார் 60 மீட்டர் ஆழம், வெப்பத்துக்குச் சுமார் 300 மீட்டர்.

இதில் என்னைக் கவர்ந்தது, தண்ணீர் போகும் வேகமும் சூடு போகும் வேகமும் வேறுவேறு என்பது. தீபாவளிக்கு முந்தைய நாள் உங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில் ஒருவர் முறுக்குத் தட்டோடு வீடுவீடாகப் போகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொடுக்கிறார். ஆள் கடைசி வீட்டை அடையும்போது முறுக்குப் பாதி வழியிலேயே தீர்ந்திருக்கும். வெந்நீரும் மணலுக்குள் அப்படித்தான் போகிறது. தொடும் ஒவ்வொரு மணலுக்கும் சூட்டைக் கொடுத்துவிட்டு, தான் ஆறிப்போய் முன்னே நகர்கிறது. சாதாரண மணல் அடுக்கில் சூட்டின் முன்னோடி எல்லை, தண்ணீர் போகும் வேகத்தில் ஏறக்குறையப் பாதியில்தான் நகரும். ஆறு மாதம் கழித்துத் திசையை மாற்றி இறைத்தால், மணல் வாங்கிவைத்த சூட்டைத் திருப்பித் தருகிறது. நம் ஊர் வழக்கப்படி அண்டைவீட்டார் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், அந்த மாதிரி.

ஆனால் தாழ்வாரத்தில் போகவேண்டியவர் மின்தூக்கியில் ஏறி நேரே கீழே போய்விட்டால்? யாருக்கும் முறுக்கு இல்லை. மணல் அடுக்கில் கரடுமுரடான பகுதியோ பாறையில் அகன்ற விரிசலோ இருந்தால் நீர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், சுற்றியுள்ள பாறையைத் தொடுவதே இல்லை. காப்பித் தூளைச் சரியாக அழுத்தாமல் விட்டால் தண்ணீர் ஒரு ஓரமாகத் துளைபோட்டு இறங்கி டிகாக்ஷன் நீர்த்துப்போகுமே, அதே கோளாறு. சூடான நீரில் இது இன்னும் கூடும். 20 டிகிரியில் இருக்கும் நீரைவிட 60 டிகிரி நீரின் பாகுத்தன்மை பாதிக்கும் குறைவு, ஆகவே வெந்நீர் இருமடங்கு எளிதாக ஓடும். எடையும் குறைவென்பதால் மேலே மேலே ஏறப்பார்க்கும்.

நீரை ஓடவிடாமலேயே சேமிக்கவும் செய்யலாம். கனடாவின் ஓகடோக்ஸ் என்ற ஊரில் 2007இல் தொடங்கிய திட்டம் ஒன்றில் 52 வீடுகளுக்கு 144 துளைகள், ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர் ஆழம். கோடை வெயிலில் சூடான நீர் குழாய்களுக்குள் மட்டும் சுற்றிவந்து மண்ணைச் சூடாக்கியது. பாறையில் சூடு தானாகப் பரவுவது ஆமை வேகம், ஆண்டுக்கு ஐந்தாறு மீட்டர். அந்த மந்தத்தால்தான் கோடைச் சூடு குளிர்காலம்வரை அங்கேயே கிடந்தது.

இதைச் சிங்கப்பூரில் செய்யலாமா? இதே மாதிரி முடியாது. நமக்குக் குளிர்காலமே கிடையாது. டிசம்பர் மழையில் போர்வை தேடுவதைக் குளிர்காலம் என்று சொல்லமுடியாது. நிலத்தடியும் ஆண்டு முழுவதும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். மரினா பேயில் 2006 முதல் குளிர்ந்த நீரை நிலத்தடிக் குழாய்களில் பல கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள், ஆனால் அங்கே பாறைக்கு வேலை இல்லை.

நமக்கு வாய்ப்பு இருப்பது ஆழத்தில். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவின் வடபகுதியில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரியை அளந்தார்கள். கிலோமீட்டருக்கு 50 டிகிரிக்கு மேல் ஏறுகிறது என்று அர்த்தம். உலகில் பொதுவாக 25 முதல் 30 தான். சூடு இருக்கிறது. ஆனால் இறுகிய பாறையிலிருந்து அதை மேலே கொண்டுவர நீர் பாறைக்குள் புகுந்து வரவேண்டும், புக வழி வேண்டும். இங்கேதான் இரண்டு தேவைகளும் மோதுகின்றன. விரிசல் இல்லாவிட்டால் நீர் போகாது. ஒரே பெரிய விரிசல் இருந்தால் நீர் சூடாகாமலே திரும்பிவிடும். மோசமான இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த நீர் அதிகம் போகும் விரிசலின் சுவர்கள் குளிர்ந்து சுருங்கும், விரிசல் அகலும், அகலத்தின் மும்மடிக் கணக்கில் இன்னும் அதிக நீர் அங்கேயே பாயும். 1970களில் நியூமெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் சூடான வறண்ட பாறையைப் பிளந்து சோதித்த நாளிலிருந்து இந்த வகைத் திட்டங்கள் மல்லுக்கட்டுவது இதோடுதான். பிளப்பதே வேண்டாம், மூடிய குழாய்ச் சுற்றே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். நடுக்கத்தின் பயம் குறையும், ஆனால் சூடு பாறையிலிருந்து குழாய்க்கு அந்த ஆமை வேகத்தில்தான் வந்துசேரும். அடுக்குமாடிகள் நிறைந்த சின்னத் தீவில் எந்தப் பக்கம் சாய்வது என்று என்னைக் கேட்டால், போஹாங்கை நினைத்துக் குழாய்ப் பக்கமே சாய்வேன்.

திறந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாம் முடிந்தபின் ஒரு எளிய சோதனை செய்வார்கள். ஒரு கிணற்றில் சாயம் போன்ற தடங்காட்டி ஒன்றைக் கலந்து விட்டுவிட்டு, அடுத்த கிணற்றில் மாதிரி எடுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். காலையில் விட்டது மாலைக்குள் மொத்தமாக வந்துவிட்டால் யாருக்கும் முகத்தில் சிரிப்பு இருக்காது. பல நாள் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்து இழுத்து வந்தால் நீர் பல வாசல்களைத் தட்டிவிட்டு வந்திருக்கிறது என்று பொருள்.